வெயிலுகந்தான் யார் வீட்டுப் பெயர்?

"என் மகன் பெயரைத் திருடிவிட்டார்கள்! கஜானாவைத் திருடியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். பெற்ற பிள்ளையின் பெயரையா திருடுவார்கள்?"

இப்படிச் சபை அதிரக் கத்தியவர் அரசர் மகுடவழுதி. அந்தக் காலத்தில் செம்பியூரை அவர் ஆண்டார். அவரைச் சந்தேகம் ஆண்டது. பாயசத்தில் முந்திரி குறைந்தால் சமையற்காரன் பகைநாட்டு ஒற்றன். ராணி சிரித்துவிட்டால் போச்சு, எதை நினைத்துச் சிரித்தாள் என்று பொழுது சாயும்வரை யோசனை.

அப்படிப்பட்டவருக்கு ஆண்பிள்ளை பிறந்தது. உலகத்தில் ஒருவருக்கும் இல்லாத பெயர் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவைப்புலவர் கவிச்சிங்கம் கண்ணை மூடினார், திறந்தார்.

"வெயிலுகந்தான்! சூரிய மண்டலத்திலிருந்து நேரே என் காதில் விழுந்தது, அரசே. மண்ணில் எவனுக்கும் இந்தப் பெயர் கிடையாது."

அரசர் பூரித்துப்போய்க் கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றிக் கொடுத்தார். வேறு யாரும் அந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று தண்டோராவும் போட்டாயிற்று. ஆனால் தண்டோராச் சத்தம் அடங்குவதற்குள், சந்தையில் உப்பு விற்கும் முத்தாரியின் கைக்குழந்தையை யாரோ "ஏலே வெயிலுகந்தா!" என்று கொஞ்சியது காவலன் காதில் விழுந்துவிட்டது. இப்போது முத்தாரி இடுப்பில் குழந்தையோடு சபை நடுவே நிற்கிறாள்.

"ராசா, இவனுக்குப் பேரு வச்சது உங்க பிள்ளை பிறக்குறதுக்கு முன்னாடி. எங்க உப்பளத்துல யாரை வேணும்னாலும் கேளுங்க."

"உப்பளத்தில் இருப்பதெல்லாம் இவள் சொந்தக்காரர்கள்!" என்று குறுக்கே விழுந்தார் கவிச்சிங்கம். அவருக்கு மந்திரி ஆவுடையப்பர் மேல் வெகுநாள் வயிற்றெரிச்சல். "பெயர்சூட்டு விழாவுக்கு முன்னால் இந்தப் பெயர் மந்திரிக்கு மட்டும்தான் தெரியும். மந்திரி வீட்டுக்கு உப்பு கொடுப்பது யார்? சாட்சாத் இவள்தான்! விசாரணை எதற்கு அரசே? இப்போதே எல்லைக்கு வெளியே தள்ளுங்கள்."

அரசரின் கண் இடுங்கியது. "ஆவுடையப்பரே, நாளை மாலைக்குள் இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று நிரூபியும். முடியாவிட்டால் இவளுக்கும் பிள்ளைக்கும் நாடு கடத்தல். இவள் உப்புக்கூடையைத் தலையில் சுமந்துகொண்டு நீரும் கூடவே போம்."

மந்திரிக்கு வேறொரு சந்தேகம். புலவருக்கு ஏன் இத்தனை அவசரம்? அவர் முத்தாரியைத் தனியே அழைத்தார்.

"உன் பிள்ளை பெயரை ஒரு தடவை சொல்லம்மா."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ சாமி, அது என் வாயில வராது. மாமனார் பேரு. நான் இவனைச் சின்னவருன்னுதான் கூப்பிடுவேன்."

"உன் புருஷனுக்கு அண்ணன் தம்பி உண்டா?"

"மூத்தார் ஒருத்தர் உண்டாம். நான் வாழ்க்கைப்படுறதுக்கு முன்னாடியே, உப்பு வேலை கேவலம்னு பொஞ்சாதியக் கூட்டிக்கிட்டுப் போனவரு. நான் முகம் பார்த்ததில்லை."

மந்திரி நேரே ராணியிடம் போனார்.

மறுநாள் காலை அந்தப்புரத்தில் தாலாட்டு. சபையோர் வீட்டுப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். வெயிலுகந்தான் என்று பெயர் சொல்லி ஒரு அடி பாடினால் முத்துமாலை என்றாள் ராணி. கேட்க வேண்டுமா? தளபதி மனைவிக்குச் சுருதியே கிடையாது, அவளும் பாடி மாலையை வாங்கிக்கொண்டாள். திரைக்குப் பின்னால் மந்திரியோடு அரசர். ஒட்டுக்கேட்பது என்றால் அவருக்கு விருந்து மாதிரி.

கவிச்சிங்கத்தின் மனைவி வடிவாம்பாள் முறை வந்தது. "ஆராரோ, என் ராசாவே..." என்று இழுத்தாள், நிறுத்தினாள்.

"பெயரைச் சொல்லிப் பாடு, வடிவு."

"தொண்டை கட்டியிருக்கு மகாராணி."

கற்கண்டு வந்தது. மறுபடி பாடினாள். மறுபடியும் ராசாதான். ராணி மாலையோடு ஒரு வைர மூக்குத்தியையும் சேர்த்து வைத்தாள். வடிவாம்பாள் அதைப் பார்த்தாள், உதட்டைக் கடித்தாள், தலையைக் குனிந்துகொண்டாள்.

திரை விலகியது. "என் மகன் பெயரைச் சொல்ல இவளுக்கு என்ன கசப்பு? இதில் ஏதோ சதி இருக்கிறது!" என்று குதித்தார் அரசர்.

"சதிதான், ஆனால் இந்த அம்மா செய்ததில்லை" என்றார் ஆவுடையப்பர். "நம் ஊரில் பெண்பிள்ளை வாய்விட்டுச் சொல்லாத ஆண்பிள்ளைப் பெயர் இரண்டு. ஒன்று புருஷன் பெயர், இன்னொன்று மாமனார் பெயர். புலவர் பெயர் வெயிலுகந்தான் இல்லை. மிச்சம் யார்?"

அரசர் விரல் மடக்கிப் பார்த்தார். "மாமனார்!"

"முத்தாரி சொல்லாததும் அதே பெயர், அதே காரணம். இருவருக்கும் மாமனார் ஒருவரே. தம்பி தகப்பன் பெயரைத் தன் பிள்ளைக்கு முறைப்படி வைத்தான். அண்ணன் அதையே சூரிய மண்டலத்துச் சரக்கு என்று உங்களிடம் தள்ளிவிட்டுக் காப்பு வாங்கினார். நிஜமாகவே மண்ணில் யாருக்கும் இல்லாத பெயராயிருந்தால், அம்மா, நீங்கள் பாடியிருப்பீர்கள், இல்லையா?"

வடிவாம்பாள் அழுதாள். அதற்குமேல் சாட்சி எதற்கு?

அன்று மாலை சபை கூடியது. கவிச்சிங்கத்தின் கையிலிருந்த காப்பு ஆவுடையப்பர் கைக்கு வந்தது. முத்தாரி பல்லக்கில் வீடு போகலாம் என்றார்கள். அவளோ கூடையை எடுத்துக்கொண்டு நடந்தே போகிறேன் என்றாள். பெயருக்குப் போட்ட தடையை அரசர் நீக்கியதுதான் தாமதம், செம்பியூரில் தெருவுக்குத் தெரு வெயிலுகந்தான் தவழ ஆரம்பித்தான். அது பின்னால்.

அன்றைக்குச் சபையில் அரசர் தொட்டிலை ஆட்டியபடி கவிச்சிங்கத்தைப் பார்த்தார். தண்டனை கேட்கக் காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம். அரசர் கத்தவே இல்லை.

"இந்தப் பெயரை நான் மாற்றப் போவதில்லை, புலவரே. உம் வீட்டுப் பெண்கள் மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டார்கள். உமக்கு அந்தத் தடை இல்லை. இத்தனை பேர் முன்னால், வெயிலுகந்தான் என் அப்பா, உப்புச் சுமந்தவர் என்று ஒரே ஒரு முறை சொல்லும். சொல்லிவிட்டு உம் இடத்தில் உட்காரும்."

கவிச்சிங்கம் தரையைப் பார்த்தார். வடிவாம்பாள் அவரைப் பார்த்தாள். தொட்டில் ஆடி நின்றது.

"சொல்லுமையா" என்றார் அரசர்.