மூடிய கிணறு

"மண்ணு கெட்டியா இருக்குன்னு டீச்சர்கிட்ட நீயே சொல்லு, வெள்ளத்தாயி," என்று தலைமையாசிரியையின் முன்னால் காண்ட்ராக்டர் அதட்டினார். மூடிய கிணற்றின் மேல் இன்றே வகுப்பறைக்குக் கான்கிரீட் போட்டாக வேண்டும் அவருக்கு.

கிணற்றில் கொட்டியிருந்தது தண்ணீர் விட்டு இடித்து இறுக்காத மண். போன வருடம் வேறோர் ஊரில், இவர் அதட்டியபோது, கெட்டி என்றுதான் சொன்னாள் சித்தாள் வெள்ளத்தாய். அங்கே விழுந்த சுவரில் ஒரு பிள்ளையின் கால் போயிற்று.

"நல்ல கெட்டிங்க டீச்சர். ஐயா காரு வெயில்ல நிக்குது. இது மேல கொண்டாந்து நிறுத்தச் சொல்லுங்க, நெழலா இருக்கு."

தலைமையாசிரியை காண்ட்ராக்டர் பக்கம் திரும்பினார். காண்ட்ராக்டர் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"முழுக்கத் தோண்டிட்டு, அடுக்கடுக்கா இடிச்சு நிரப்புங்க," என்றார் தலைமையாசிரியை.

"நாளையிலேருந்து வேலைக்கு வராதே," என்றார் காண்ட்ராக்டர் வெள்ளத்தாயிடம்.

"இந்த வார்த்தையப் போன வருசமே வாங்கியிருக்கணும்யா."

இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் ஓடிவருமுன், வெட்டிப் போட்டிருந்த கருவேல முள்ளை இழுத்துவந்து, அந்த மண்ணைச் சுற்றிப் போட்டாள் வெள்ளத்தாய்.