சூரியனை விடப் பெரிய நெருப்பு

மலையடிவாரக் காடு ஒன்றில் கோடை முற்றி, சுனைகள் எல்லாம் வற்றிப்போயின. ஒரே ஒரு குளத்தில் மட்டும் தண்ணீர் மிஞ்சியிருந்தது. மான்களும் முள்ளம்பன்றியும் நரிக் குடும்பமும் அதை நம்பியே இருந்தன.

'இத்தனை வாய்களுக்கு இந்தத் தண்ணீர் போதாது' என்று நரி நினைத்தது.

ஒரு மாலை, தெற்கு வானில் கேட்டை நட்சத்திரம் சிவப்பாக எழுந்தது. ஊர் ஊராகப் பறந்து திரிந்த ஆலாப் பறவை ஒன்று குளக்கரையில் இறங்கியிருந்தது. நரி அதனிடம் நட்சத்திரத்தைப் பற்றி விசாரித்தது. ஆலா சொன்னதில் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மான்களிடம் ஓடியது.

"அக்கா, அதோ பார்! அது சூரியனை விடப் பெரிய நெருப்பு. குளத்தில் விழப் போகிறது. குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஓடிவிடு!"

தாய்மான் நம்பவில்லை. நேரே ஆலாவிடம் போய்க் கேட்டது.

"அது சூரியனை விடப் பெரியதா?"

"ஆமாம், மிக மிகப் பெரியது. சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் நம் பூமியையே விழுங்கிவிடும். ஆனால்..."

அந்த 'ஆனால்' காதில் விழுவதற்குள் மான்கள் மலை மேல் ஓடிவிட்டன.

முள்ளம்பன்றி மட்டும் நகரவில்லை. அதற்கு யார் மேலும் சந்தேகம்தான். 'எல்லோரையும் ஓடச் சொன்ன நரி ஏன் ஓடவில்லை?' என்று யோசித்தது. ஆலா மேலும் அதற்குச் சந்தேகம் இருந்தது.

"ஆனால் என்று ஏதோ சொன்னாயே, என்ன அது?"

"அது வெகுதூரத்தில் இருக்கிறது. சூரிய ஒளி, நீ ஒரு கிழங்கைத் தோண்டித் தின்பதற்குள் இங்கே வந்துவிடும். கேட்டையின் ஒளி வந்துசேர ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்."

"அப்படியானால் ஏன் இவ்வளவு சிவப்பு?"

"சூரியனை விட அதற்குச் சூடு குறைவு. அதனால்தான் சிவப்பு."

"நீயும் நரியும் கூட்டாளிகள் இல்லையே?"

ஆலா சிரித்தது. "என்னை நம்ப வேண்டாம். அது பக்கத்தில் வந்தால் பெரிதாகத் தெரிய வேண்டுமே. நீயே பார்த்துக்கொள்."

முள்ளம்பன்றி மாலைதோறும் பார்த்தது. கேட்டைக்கு இரு பக்கமும் இரண்டு சிறு நட்சத்திரங்கள் இருந்தன. அவற்றின் நடுவில் அது அப்படியே இருந்தது. கொஞ்சமும் பெரிதாகவில்லை.

முள்ளம்பன்றி மலை மேல் ஏறிப் போய், குளத்துக்குத் திரும்பி வரும்படி மான்களை அழைத்தது. மான்குட்டி நாக்கு வறண்டு, எழ முடியாமல் கிடந்தது.

"எங்களைத் திரும்ப வரச் சொல்கிறாயே, உனக்கு இதில் என்ன லாபம்?" என்று தாய்மான் சீறியது.

"என்னையும் சந்தேகப்படு. ஆனால் வந்து பார்த்துவிட்டுச் சந்தேகப்படு."

தாய்மான் இறங்கி வந்து, குளக்கரைப் புதர் மறைவில் நின்று எட்டிப் பார்த்தது. நரியும் அதன் குட்டிகளும் வயிறு முட்டக் குடித்துவிட்டு, ஈர மணலில் மல்லாந்து கிடந்தன. தெற்கு வானில் கேட்டை மின்னியது.

தாய்மான் குரல் கொடுத்தது. கூட்டம் முழுவதும் குளத்தில் இறங்கியது.

நரி பதறி எழுந்தது. "ஐயோ, ஓடுங்கள்! இப்போது விழுந்துவிடும்!"

"விழட்டும்" என்றது தாய்மான். "குடித்துக்கொண்டே பார்க்கிறோம்."

நீதி: பாதி உண்மையைச் சொல்லிப் பயமுறுத்துபவரைச் சந்தேகித்தால் மட்டும் போதாது, மீதி உண்மையையும் கேட்டறிய வேண்டும்.