ஆந்தையின் கணினியும் நீர்நாயின் குட்டிகளும்

மருதங்குளத்தின் கரையில் ஓர் ஆந்தை இருந்தது. ஆந்தைதான், ஆனால் கணக்கில் புலி.

அது ஒரு கணினி செய்து மரப்பொந்தில் வைத்திருந்தது. தண்ணீர் எந்த வேகத்தில் வந்து விழுகிறது என்பதைச் சூத்திரமாகக் கொடுத்தால், மொத்தம் எவ்வளவு சேரும் என்பதற்குக் கணினி இன்னொரு சூத்திரம் கொடுக்கும். இதற்குத் தொகையிடல் என்று பெயர். அப்படி ஒரு சூத்திரம் கிடையாது என்றால், கிடையாது என்பதையும் ஐயமற நிரூபித்துவிடும். ஆந்தைக்கு அதில்தான் தலைகால் புரியாத பெருமை.

ஆனால் அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனாலும் கணினி “பிழை” என்று சொல்லி வாயை மூடிக்கொள்ளும். எங்கே பிழை என்று சொல்லாது.

“கணினியோடு எல்லோரும் எளிதாகப் பேச ஒரு முகப்பு கட்டித் தருகிறேன் ஆந்தையாரே,” என்றது அதே மரத்தில் கூடு கட்டியிருந்த தூக்கணாங்குருவி. “அவரவர் பேசுகிறபடி கேட்கட்டும்.”

“கணக்குத் தெரியாதவர்களுக்கு எதற்குக் கணினி?” என்றது ஆந்தை.

ஐப்பசியில் பெருமழை பிடித்தது. கரையோர வளையில் நீர்நாய் அன்றுதான் குட்டி போட்டிருந்தது. இன்னும் கண் திறக்காத குட்டிகள். அவற்றைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனால் அங்கே நரி. வளையிலேயே இருந்தால் வெள்ளம். பாவம், அது ஆந்தையிடம் கேட்க மரத்தடிக்கு ஓடி வந்தது.

ஆந்தை மழையின் போக்கைப் பார்த்துச் சூத்திரம் எழுதியது. மெல்ல ஏறி, உச்சிக்குப் போய், மெல்ல இறங்கும் மழை. கணினி கொஞ்ச நேரம் உறுமிவிட்டுச் சொன்னது: “இதன் தொகைக்கு எளிய சூத்திரம் கிடையாது. நிரூபிக்கப்பட்டது.”

“பார்த்தாயா, எவ்வளவு அழகான விடை!” என்று ஆந்தை சிறகடித்தது.

நீர்நாய்க்கு அழுகை வந்துவிட்டது. “அழகு இருக்கட்டும் ஐயா. என் வளைக்குத் தண்ணீர் வருமா, வராதா?”

“அதற்கு மழையைத் துண்டு துண்டாக வெட்டிக் கூட்ட வேண்டும். தோராயமான எண்தான் வரும். நான் தோராயம் சொல்வதில்லை.”

“அப்படிக் கூட்ட உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?” என்று குருவி கேட்டது.

“தெரியாமல் என்ன? சின்ன வயதிலேயே தெரியும்.”

“தெரிந்துவைத்துக்கொண்டா இந்தத் தாயை மழையில் நிற்க வைத்திருக்கிறீர்கள்?”

ஆந்தை அப்போதுதான் நீர்நாயை நன்றாகப் பார்த்தது. தெப்பலாக நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது. ஆந்தைக்கு வெட்கமாகப் போயிற்று. துண்டு துண்டாக வெட்டிக் கூட்டும் முறையைக் கணினிக்குள் சேர்த்தது. குளத்தின் அகலத்தையும் வளை இருக்கும் உயரத்தையும் குருவி பறந்து அளந்து வந்து கொடுத்தது.

கணினி மறுபடி பேசியது. “சூத்திரம் கிடையாது. ஆனால் தண்ணீர் உங்கள் வளை வாசலுக்கு ஒரு முழம் கீழே நின்றுவிடும். கணக்குப் பிசகினாலும் நாலு விரலுக்கு மேல் பிசகாது. வீட்டிலேயே இருங்கள்.”

நீர்நாய் திரும்பிப் போய்க் குட்டிகளை அணைத்துப் படுத்துக்கொண்டது. வெள்ளம் ஏறியது, ஏறியது, வாசலுக்கு ஏறக்குறைய ஒரு முழம் கீழே வந்து நின்றது. மேட்டில் காத்திருந்த நரிக்கு ஜலதோஷம்தான் மிச்சம்.

மழை விட்டதும் ஆந்தை தானாகவே குருவியைத் தேடிப் போனது. “முகப்பு கட்ட எப்போது வருகிறாய்?” என்று கேட்டது.

சரியான விடையைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். கேட்டவருக்கு உதவும்படி அதைக் கொடுப்பதே மீதிப் பாதி.