தறி நிற்கும் நாள்

"என் கிளாஸ்ல ஒரு புள்ளைக்கு மட்டும் படிப்பே ஏற மாட்டேங்குது, டீச்சர்" என்றார் திருமூர்த்தி.

மூன்றாம் வகுப்பு கோகிலவாணி டீச்சர் ஒரு பையனுக்குப் பென்சில் சீவிக் கொடுத்துக் கொண்டிருந்தார். நிமிர்ந்து, காதை அவர் வாயருகே கொண்டு வந்தார்.

"கேக்கலீங்க சார். இன்னொருக்கா சொல்லுங்க."

அது விசைத்தறி ஊர். பள்ளிக்கூடத்தின் இரண்டு பக்கமும் தறிப்பட்டறைகள். காலையில் ஆரம்பிக்கிற கடகடப்பு மணி அடித்து வீட்டுக்குப் போகும்வரை ஓயாது.

திருமூர்த்தி மறுபடியும் சொன்னார். கத்தியே சொன்னார்.

"மத்த புள்ளைங்க?"

"மத்தவங்க ஜோரா படிக்கறாங்க. எல்லாரும் ஒரே குரல்ல."

"ஆமாங்க சார். எங்க கிளாஸ் வரைக்கும் கேக்குது."

திருமூர்த்தி அதைப் பாராட்டு என்றே எடுத்துக் கொண்டார்.

*

திருமூர்த்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

தலை நரைக்கும்வரை, ஊருக்கு வெளியே தனிக் கட்டடத்தில் இருந்த உயர்நிலைப் பிரிவில், பத்தாம் வகுப்புக்கு வரலாறு நடத்தியவர். பானிப்பட்டுப் போர்களைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரி சொல்வார். அங்கே பிள்ளைகள் குறைந்தார்கள். நிர்வாகம் அவரை இரண்டாம் வகுப்புக்கு அனுப்பிவிட்டது.

வாசிப்பு, சமூகம், ஓவியம், எல்லாமே இனி அவர் பாடு.

பாடப் புத்தகத்தை முதல் நாள் ஒருமுறை புரட்டிப் பார்த்தார். பாடத்துக்கு நாலு வரி. அதற்குப் பிறகு அதைக் கையில் எடுக்க அவருக்கே வெட்கமாக இருந்தது.

தறிச் சத்தத்தில் ஒற்றைக் குரல் எடுபடாது என்பதைச் சீக்கிரமே கண்டுகொண்டார். அதனால் அவர் ஒரு வரி சொல்வார். வகுப்பு மொத்தமும் திருப்பிக் கத்தும். தறியின் தாளத்துக்குப் பாடம் அழகாகப் பொருந்தியது. தறியையே ஜெயித்துவிட்டோம் என்று அவருக்கு உள்ளூரப் பெருமை.

கோகிலவாணிக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். ஆனால் அந்தப் பள்ளியில் யாரைக் கேட்டாலும், படிக்க வைக்கத் தெரிந்தவர் அந்த டீச்சர்தான் என்றார்கள். போய்க் கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. அந்தப் பெண் அப்படி என்னதான் செய்கிறாள் என்ற ஆவல் கூச்சத்தைவிடப் பெரிதாக இருந்தது.

சன்னல் வழியாக அவர் பார்த்ததில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. டீச்சர் ஒவ்வொரு பிள்ளைக்குப் பக்கத்திலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதன் வாயில் காதை வைக்கிறார். அவ்வளவுதான்.

பாவம், இந்த வயதிலேயே தறிச் சத்தத்துக்குக் காது போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்துக் கொண்டார்.

*

"சரி, அந்தப் புள்ளைய என்ன பண்றது, சொல்லுங்க" என்றார்.

கோகிலவாணி பென்சில் முனையை ஊதினார்.

"கரண்ட் போற அன்னைக்குப் படிக்கச் சொல்லிப் பாருங்க சார்."

"கரண்டுக்கும் படிப்புக்கும் என்னங்க சம்பந்தம்?"

"டீச்சர், இவன் என்னைக் கிள்ளிட்டான்!" என்று மூலையிலிருந்து ஓர் அழுகை.

டீச்சர் பென்சிலை அவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். திருமூர்த்தி சீவிய பென்சிலோடு நின்றார்.

*

அந்தப் பிள்ளையின் பெயர் தாரணி.

எல்லோரும் பாடத்தைக் கத்தி முடித்துப் பக்கம் திருப்பும்போது, அவள் விரல் இரண்டாவது வரியில் நிற்கும். தினமும் அதே வரி. அங்கே வந்ததும் நிமிர்ந்து சாரைப் பார்த்துத் திருதிருவென்று விழிப்பாள்.

"முழிக்காதே, சொல்லு!" என்பார் திருமூர்த்தி.

அவள் உதடு அசையும். தறிச் சத்தத்தில் என்ன கேட்கும்?

பாடத்தின் படத்தை வரையச் சொன்னார். அணில் ஒன்று மரத்தில் ஏறுகிற படம். பலகையில் அவரே மாமரம் ஒன்று போட்டுக் காட்டினார். கிளிமூக்கு மாங்காய்கள் தொங்கின. பிள்ளைகள் எல்லோரும் அதே மரத்தைப் போட்டார்கள். தாரணியின் மரத்தில் மட்டும் உருண்டை உருண்டையாக ஏதோ இருந்தது.

"மாங்கா பந்து மாதிரியா இருக்கும்?" என்று கேட்டார்.

வகுப்பு சிரித்தது. தாரணி சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக் கொண்டாள்.

மத்தியானம் சமூகப் பாடம். நமக்கு உதவுவோர் யார் யார்? மருத்துவர், காவலர், தபால்காரர் என்று கூரை அதிர்ந்தது. பிறகு தாரணியைத் தனியாக எழுப்பினார். பக்கத்தில் போய்க் கேட்டார்.

"மேனகாக்கா" என்றாள்.

"அது யாரு?"

"பக்கத்து வீட்டக்கா. தம்பியப் பாத்துக்கும்."

"அதெல்லாம் புஸ்தகத்துல இல்ல. உக்காரு."

திருமூர்த்தி கெட்டவர் இல்லை. அவருக்கு அந்தப் பிள்ளையை நினைத்துக் கவலையாகவே இருந்தது.

*

மறுநாள் காலை தாரணியின் அம்மா பாக்கியம் வந்தாள். தறியில் வேலை. தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"சார், பக்கத்து வீட்டு மேனகாவுக்குக் கலியாணம் ஆகிப் போவுதுங்க. என்ற பையனப் பாத்துக்க ஆளில்லீங்க. ஒண்ணரை வயசுதான் ஆகுது."

"சரி."

"தாரணிக்குப் படிப்பு வருமுங்களா சார்? வரும்னா எப்பாடு பட்டாவது அனுப்பறேன். வராதுன்னா இப்பவே சொல்லிருங்க. தம்பியப் பாத்துட்டு வீட்லயே இருக்கட்டும்."

திருமூர்த்திக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எப்படியோ கோகிலவாணி சொன்னது குறுக்கே வந்து நின்றது.

"கொஞ்சம் பொறுங்கம்மா. கரண்ட் போகட்டும்" என்றார்.

பாக்கியம் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

*

அதற்குப் பிறகு அவர் செய்தித்தாளை நேரே கடைசிப் பக்கம்தான் திருப்பினார். தலைப்புச் செய்தி கிடக்கட்டும். இன்ன ஊரில் நாளை மின்தடை என்று ஒரு மூலையில் போடுவார்களே, அதைத் தேடினார்.

கோகிலவாணியைப் பார்க்கும்போதெல்லாம் நச்சரித்தார்.

"ஃபேன் நின்னா புள்ளைங்களுக்கு வேர்க்கும். வேர்த்தா படிப்பு வருமா?"

"தெரியலீங்க சார்."

"இருட்டுல கண்ணு கூர்மையாகும்னு சொல்ல வர்றீங்களா?"

"பகல்ல ஏதுங்க சார் இருட்டு?"

"அப்ப வேற என்ன?"

டீச்சர் காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். காது கேட்கவில்லை என்கிறார் என்று நினைத்து, திருமூர்த்தி அதே கேள்வியை இன்னும் சத்தமாகக் கேட்டார்.

கடைசியில் ஒரு வியாழக்கிழமை அவர் ஊர்ப் பெயர் செய்தித்தாளில் வந்தது. மாதாந்திரப் பராமரிப்பு. பரீட்சை முடிவு பார்க்கிற மாணவன் போல அவருக்கு நெஞ்சு அடித்துக் கொண்டது.

*

மறுநாள் வகுப்பு வழக்கம்போல ஆரம்பித்தது.

"அணில் வந்தது!" என்றார் திருமூர்த்தி.

"அணில் வந்தது!"

"மாமரத்தில் ஏறியது!"

"மாமரத்தில் ஏறி..."

கரண்ட் போனது.

அத்தனை தறியும் ஒன்றாக நின்றன. தாளம் போனதும் பிள்ளைகளுக்குப் பாட்டும் போய்விட்டது. தங்கள் குரல் இவ்வளவு பெரிதா என்று திகைத்து, வாயைப் பொத்திக் கொண்டு சிரித்தார்கள். பிறகு அதுவும் அடங்கியது.

தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. வேப்பமரத்தில் காக்கை கத்தியது. இந்தப் பள்ளிக்கூடத்தில் காக்கை இருப்பதே திருமூர்த்திக்கு அன்றுதான் தெரியும்.

அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கொய்... யா... மரத்... தில்... ஏறி... யது."

தாரணிதான். தறி நின்றதோ, வகுப்பு ஓய்ந்ததோ அவளுக்குத் தெரியவில்லை. விரல் வரியின் மேல் இருந்தது. தலை குனிந்திருந்தது.

"தப்பு! மாமரம்!" என்று கத்தினான் வகுப்புத் தலைவன் ஜீவானந்த்.

தாரணி நிமிர்ந்தாள். அதே திருதிரு விழிப்பு.

திருமூர்த்தி அவள் அருகே போனார். முழங்கால் நெட்டி முறிய, குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முதல் நாளுக்குப் பிறகு முதல்முறையாகப் புத்தகத்தைப் பார்த்தார்.

கொய்யா மரம் என்றுதான் போட்டிருந்தது.

*

அந்த வரியை அவர் மறுபடியும் படித்தார். பிறகு ஜீவானந்தின் புத்தகத்தை எடுத்தார். மூன்றாவது வரியில் விரலை வைத்தார்.

"இத மட்டும் படி, கண்ணு."

"அணில் வந்தது" என்றான் ஜீவானந்த்.

"அது முதல் வரி. இங்க, என் விரலுக்குக் கீழ."

"மாமரத்தில் ஏறியது. ஒரு பழம் விழுந்தது. அதைக் குருவி தின்றது" என்று மூச்சு விடாமல் முடித்தான். முடித்துவிட்டுப் பெருமையாக நின்றான். அவன் கண் ஒரு தடவைகூடப் புத்தகத்துக்குப் போகவில்லை.

பக்கத்துப் பிள்ளையிடம் போனார். அதுவும் அணிலில்தான் ஆரம்பித்தது. அடுத்த பிள்ளையும் அப்படியே. ஒருவன் புத்தகத்தைத் தலைகீழாக வைத்துக் கொண்டே அழகாக ஒப்பித்தான்.

திருமூர்த்திக்கு வேர்த்தது. ஃபேன் நின்றதால் என்று சொல்லிவிட முடியாது.

மறுபடி தாரணியிடம் வந்தார். காதை அவள் வாயருகே வைத்தார்.

"நீ போட்ட படத்துல என்ன பழம் கண்ணு?"

"கொய்யா" என்றாள், கிசுகிசுப்பாக.

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"சொன்னேனே."

*

வாசலில் கோகிலவாணி நின்றிருந்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா டீச்சர்?" என்று கேட்டார் திருமூர்த்தி.

"தாரணியப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார்."

"பின்ன கரண்ட் போற அன்னைக்குன்னு சொன்னீங்களே?"

"நான் இங்க வந்த புதுசுல எங்க கிளாஸும் ஜோராத்தான் கத்துனாங்க. ஒரு நா கரண்ட் போச்சுங்க."

திருமூர்த்தி தன் வகுப்பைப் பார்த்தார். எல்லாப் பிள்ளைகளும் அவரையே பார்த்துக் கொண்டிருந்தார்கள். அவருக்கு அழுகை வருகிறமாதிரி இருந்தது.

"டீச்சர், இத்தனை பேருக்கும் படிக்கத் தெரியலைங்க."

"ஒரு புள்ளைக்கு மட்டும் படிப்பு ஏறலைன்னு வந்தீங்களே, அன்னைக்குத்தானுங்க சார் எனக்குப் பயமா இருந்துச்சு. இன்னைக்கு இல்ல."

சொல்லிவிட்டுத் தன் வகுப்புக்குப் போய்விட்டார்.

*

தறி ஓடாததால் அன்று பாக்கியத்துக்கு வேலை இல்லை. மத்தியானம் இடுப்பில் பையனோடு வந்துவிட்டாள்.

"கரண்ட் போயிருச்சுங்க சார்" என்றாள்.

"ஆமாம்மா."

"இன்னைக்குச் சொல்றேன்னீங்களே. சங்கடப்படாம சொல்லிருங்க சார். எனக்கு ஒண்ணும் வருத்தமில்லீங்க."

வருத்தமில்லை என்றவளின் கை பையனை இறுக்கிப் பிடித்திருந்தது. தாரணி புத்தகத்தைப் பைக்குள் வைத்தாள். பையைத் தோளில் மாட்டிக் கொண்டாள். எதற்கு அம்மா வந்திருக்கிறாள் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது.

"பைய எறக்கி வை" என்றார் திருமூர்த்தி.

தாரணி அம்மாவைப் பார்த்தாள்.

"அப்ப படிப்பு வருமுங்களா சார்?" என்றாள் பாக்கியம். "மத்த புள்ளைங்க மாதிரி இவ எப்பங்க படிப்பா?"

திருமூர்த்தி கையை ஆட்டி மறித்தார்.

"அப்படிக் கேக்காதீங்கம்மா. மத்த புள்ளைங்க இவள மாதிரி எப்பப் படிப்பாங்கன்னு கேளுங்க."

பாக்கியத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் வாத்தியார் கேட்கச் சொல்கிறாரே என்று கேட்டாள்.

"எப்பங்க?"

"தெரியலைம்மா" என்றார் திருமூர்த்தி. "தம்பியத் தூக்கிக்கிட்டே வரட்டும்."