தளவாய் தும்ம வைத்த திமிங்கிலம்

மீன் ஏலக்கூடத்தின் நடுவே சாக்குக்குள் கிடந்து கத்திக்கொண்டிருந்தது தளவாய். கஸ்பாருடைய பூனை. மீன் விற்கும் பிலோமியின் கூடையிலிருந்து முழுசாக ஒரு சீலா மீனை இழுத்துக்கொண்டு ஓடி, கையும் களவுமாக மாட்டிக்கொண்டது. சாக்கின் வாய் இப்போது பிலோமியின் பிடியில்.

"தீவுக்குப் போற படகுல ஏத்திவிடப் போறேன். இனிமே இந்தக் கரையில இது மூஞ்சியில நான் முழிக்கக் கூடாது" என்றாள்.

கஸ்பார் சாக்கை நெருங்கி வந்தார். பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு, படகிலும் வீட்டிலும் அவர் பேச்சைக் கேட்க அந்தப் பூனையை விட்டால் ஆளில்லை. அதைச் சொல்லிக் கெஞ்சியிருக்கலாம். ஆனால் கஸ்பாருக்குக் கெஞ்ச வராது. புளுகத்தான் வரும்.

"சாக்குல யாரைப் போட்டிருக்கன்னு தெரியுமா தாயீ? போன வருசம் பனிமூட்டத்துல கை நீட்டினா கை தெரியல. இவன் படகு முன்னால அணியத்துல ஏறி நின்னு, வாலைத் தூத்துக்குடிப் பக்கம் நீட்டுனான் பாரு! வாலைப் பாத்தே ஓட்டிக் கரை சேந்தேன்."

பக்கத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த இன்னாசி சிரித்தான். "வால்தான் அங்கயும் இங்கயும் ஆடுமே மாமா?"

"இவன் ஆட்டல. அதுக்கே அப்படிச் சொன்னா எப்படில? அடுத்த நடையில பாறை இடிச்சுப் படகு அடியில இம்மாம்பெரிய ஓட்டை. தண்ணி குபுகுபுன்னு ஏறுது. இவன் போயி ஓட்டைமேல உக்காந்துட்டான். ஒரு சொட்டு உள்ள வரல."

"பூனை அரைப்படி அளவுகூட இல்லியே?"

"மூச்சை இழுத்து உப்பிட்டான்ல!"

பிலோமியின் உதட்டோரம் லேசாகத் துடித்தது. ஆனால் சாக்கை விடவில்லை. அதைப் பார்த்ததும் கஸ்பார் குரலை உயர்த்தினார்.

"இதெல்லாம் சும்மா. திமிங்கிலம் எங்களைப் படகோட முழுங்குச்சே, அதைச் சொல்லவா? உள்ள ஒரே கும்மிருட்டு. இவன் ரெண்டு கண்ணையும் முழிச்சான், டியூப்லைட் போட்ட மாதிரி ஆயிடுச்சு. அந்த வெளிச்சத்துல கஞ்சி வச்சுக் குடிச்சோம். அப்புறம் திமிங்கிலத்தோட மூக்குக்குள்ள ஏறி, மீசையால கிச்சுக்கிச்சு மூட்டுனான். அது போட்ட தும்மல்ல, நேரா நம்ம துறையில வந்து விழுந்தோம்."

"எப்போ?" என்றான் இன்னாசி.

"சித்திரையில."

"சித்திரை பூராவும் உங்க படகு கரையிலதானே மாமா கெடந்துச்சு?"

"அதைத்தான்ல சொல்லுதேன். விழுந்தது அங்கதான்."

கூடமே சிரித்தது. பிலோமி மட்டும் முகத்தை இறுக்கிக்கொண்டு கேட்டாள். "சரி அண்ணாச்சி. திமிங்கிலத்தையே ஜெயிச்ச பயலுக்குக் கடல்ல ஒரு மீன் பிடிச்சுத் திங்கத் தெரியாதா? என் கூடையிலதான் வாய் வைக்கணுமா?"

கஸ்பார் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "கடல் மீனைத் தொட மாட்டேன்னு திமிங்கிலத்துக்குச் சத்தியம் பண்ணியிருக்கான். கூடையில கிடக்குறது அந்தக் கணக்குல வராது."

பிலோமி சாக்கைத் தோளில் தூக்கிப் போட்டாள். "அப்போ தீவு வேண்டாம். இப்படிப்பட்ட வீரன் எங்க வீட்டுலயே இருக்கட்டும். எலித்தொல்லை தாங்க முடியல."

கஸ்பாரின் முகம் வெளிறியது. ஓடிப்போய் அவள் முன்னால் நின்றார்.

"வேண்டாம் தாயீ" என்றார், யாருக்கும் கேட்காத குரலில். "அவன் எலியைக் கண்டா நடுங்குவான்."

"தெரியும்" என்றாள் பிலோமி, சாக்கை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தபடி. "போன வாரம் எங்க வீட்டு எலிக்குப் பயந்து பரண்மேல ஏறிக் கத்துனவனை, ஏணி வச்சு இறக்கிவிட்டதே நான்தான்."