ஆமைக்கு வாசல்

"ஆமை தப்பிக்க வாசல் இல்லாத வலையில புடிச்ச எறாலை வெளிநாட்டுக்காரன் வாங்கமாட்டான். அவங்க சட்டம் அப்படி. எங்க, உன் வலைய காட்டு!" என்று மேசையைத் தட்டினார், ஊருக்குச் சோதனைக்கு வந்திருந்த ஏற்றுமதி அதிகாரி அற்புதராஜ்.

தேசம்மாவிடம் வலையே கிடையாது. பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைத் துழாவிக் கையால் இறால் பிடிப்பவள் அவள். அதைச் சொன்னாள்.

"அப்ப மொதல்ல வலை வாங்கு. அதுல வாசல் வை. இல்லன்னா உங்க ஊரு பொம்பளைங்க எறாலு ஒண்ணுகூடக் கப்பல் ஏறாது."

படித்த மனுஷன் பேசுகிற பேச்சா இது?

தேசம்மா சேறு காயாத கையை அவருடைய படிவத்தின் மேலேயே வைத்து விரல்களை விரித்தாள்.

"இதான் சார் என் வலை. ஆமை இதுல மாட்டிக்கும்னு எழுதிக் கையெழுத்து போடுங்க. நாளைக்கே வலை வாங்குறேன்."

பின்னால் நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். அப்படி எழுதினால் மேலிடமே சிரிக்கும். கடைசியில் அனுமதி முத்திரையைக் குத்தினார். ஆனால் வீறாப்பு போகவில்லை. "அடுத்த தடவை வரும்போது வலை இருக்கணும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அதற்கப்புறம் மூன்று தடவை வந்துவிட்டார். தேசம்மா வலை வாங்கவில்லை.