எல்லைக்கு வெளியே முளைத்த கீரை

"அளவு சரி. ஒரு விரல்கூடப் பிசகலை. அப்புறம் ஏன் அம்மை, எனக்கு நெஞ்சு அடங்க மாட்டேங்குது?"

கேட்டவர் தாணுலிங்கம். முப்பத்தாறு வருஷம் சர்வேயர். ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது.

கேட்கப்பட்டவள் இசக்கியம்மை. அவரைவிட இருபது வயது இளையவள். மலையடிவாரத்தில் நாலு ஓட்டுக்கூரை, ஒரு கிணறு, ஒரு மதில். அதுதான் அவள் மடம்.

வெண்டைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

அவர் விஷயத்தைச் சொன்னார். அண்ணன் தம்பி இரண்டு பேர். ஒரே வளவு, வீடும் தோட்டமுமாக. பாகம் பிரிக்க இவரைக் கூப்பிட்டார்கள். இவர் அளவுச் சங்கிலி போட்டார். கோடு நேராகப் போய், நடுவில் நின்ற முருங்கையின் அடிமூட்டில் விழுந்தது. எனக்கில்லையென்றால் உனக்கும் வேண்டாம் என்று மரத்தை வெட்டிச் சாய்த்தார்கள். அந்த இடத்தில் இவர் கல் நட்டார். பதினெட்டு வருஷம் பேச்சில்லை. போன ஆடியில் தம்பி செத்தான். அண்ணன் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று பாடையைப் பார்த்தான். கல்லைத் தாண்டவில்லை.

"தோட்டம் போட்டிருக்கீங்களா?" என்றாள் இசக்கியம்மை.

"கல்லுதான் போட்டிருக்கேன்."

அவள் உள்ளே போய் இரண்டு பொட்டலம் கொண்டு வந்தாள். சின்னதில் சிறுகீரை விதை. பெரியதில் அரிசி நொய்.

"ஐப்பசி பிறக்கப் போகுது. ரெண்டையும் போடுங்க. கார்த்திகை விளக்கன்னைக்குப் பந்தியிலே உங்க கீரை இருக்கணும். இருந்தா பதில் இருக்கு. இல்லைன்னா முதல் பஸ்ஸிலே ஊருக்குப் போயிருங்க."

வந்தவருக்குச் சோறு வடிக்கும் மாசானத்துக்கு வாய் நீளம். விதை சரி, நொய் எதுக்கு என்று தாணுலிங்கம் அவனிடம் கேட்டார்.

எறும்புக்கு என்றான். கீரை விதை எறும்புக்குப் பண்டம். விதைக்கிற அன்றைக்கு அதன் வளை வாசலில் ஒரு பிடி நொய்யைப் போட்டுவிட்டால், அதைச் சுமந்து முடிப்பதற்குள் விதை முளைத்துவிடும். இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்கிறதுதான்.

தாணுலிங்கம் சிரித்தார். "எல்லைக்கு வெளியே இருக்கிறவனுக்குப் பாத்தியதை கிடையாதுவே."

நொய்யைக் கஞ்சி வைத்துக் குடித்துவிட்டார்.

பாத்தி போட்டார். அப்படி ஒரு பாத்தியை மடம் பார்த்ததில்லை. டேப் பிடித்தார். நாலு மூலைக்கும் முளைக்குச்சி அடித்தார். மூலைக்கு மூலை குறுக்கே அளந்து பார்த்தார். கயிறு கட்டினார். சுற்றிலும் சாம்பலால் கோடு இழுத்தார். விதையைத் தூவினார்.

"பட்டா எப்ப வே குடுப்பீரு?" என்றான் மாசானம்.

மூன்றாம் நாள் காலையில் குனிந்து பார்த்தார். எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கறுப்பு மணி மினுங்கியது. சாம்பல் கோட்டை அவை நின்றுகூடப் பார்க்கவில்லை.

துடைப்பத்தால் விரட்டினார். துண்டால் அடித்தார். ஐந்தாம் நாள் பாத்தி வழித்த தட்டுபோலக் கிடந்தது.

"அம்மை, திருட்டுப் போச்சு."

"யாரு?"

"எறும்பு."

"நொய் போட்டீங்களா?"

அவர் காலியான பாத்தியைத் திரும்பிப் பார்த்தார்.

"வேற விதை இருக்கா?" என்று கேட்டார்.

"தீர்ந்து போச்சு," என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

முதல் பஸ் காலை ஆறு மணிக்கு என்று மாசானம் கேட்காமலே சொன்னான். தாணுலிங்கம் பையைக் கட்டினார்.

அன்று பிற்பகலே மழை பிடித்தது. ஐப்பசி அடைமழை. ஓடைப் பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டது. பஸ் இல்லை. விட்டு விட்டு ஒன்பது நாள் பெய்தது. பதில் கிடையாது, போகவும் வழி கிடையாது. கூரைக்கடியில் உட்கார்ந்து தன் பாத்தி குளமாவதைப் பார்த்தார்.

பத்தாம் நாள் வெயில் அடித்தது. பையைத் தூக்கிக்கொண்டு மதிலோரமாக நடந்தார்.

நின்றார்.

மதில் மூட்டில், எறும்பு வளையைச் சுற்றி, தரை தெரியவில்லை. முளை. ஆயிரம் இருக்கும். ஒவ்வொன்றும் நகக்கண் அளவு. சிவந்த தண்டு, இரண்டே இலை, இலை நுனியில் ஒரு துளி நீர். வளை வாசலைச் சுற்றி வட்டமாக நின்றன. கயிறு கட்டவில்லை, குச்சி அடிக்கவில்லை. கவராயம் வைத்து இழுத்தாலும் அப்படி வராது. அவருக்கு வந்ததில்லை.

ஈரத்தில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் புத்தி வந்தது. பழைய புத்தி. பையிலிருந்து டேப்பை எடுத்தார். முளைக்குச்சியிலிருந்து வட்டம் வரைக்கும் இழுத்தார். பதினோரு அடி.

பின்னால் இசக்கியம்மை நின்றாள்.

"என்ன செய்றீங்க?"

"என் விதை அம்மை. என் கீரைதானே?"

"பாகம் பிரிச்சுச் சொல்லுங்க," என்றாள். "விதை கொடுத்த செடிக்கு எவ்வளவு, சுமந்த எறும்புக்கு எவ்வளவு, மழைக்கு எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு? நீங்க அளந்தா பிசகாதே."

அவள் போய்விட்டாள்.

அவர் டேப்பைப் பார்த்தார். மூன்றாவது அடிக்கும் நாலாவது அடிக்கும் நடுவில் ஓர் எறும்பு ஏறியது. வாயில் ஓர் உமி. எண்களின் மேல் நடந்தது. மறுபக்கம் இறங்கிப் போயிற்று. அதன் பின்னால் இன்னொன்று.

வெயில் ஏறியது. நிழல் மதிலுக்குள் சுருங்கியது. மாசானம் சாப்பாட்டு மணி அடித்தான். அவர் எழவில்லை. அவன் வந்து எட்டிப் பார்த்தான். கேலிக்கு வாய் திறந்தவன், வட்டத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். அவனும் பக்கத்தில் குந்தினான்.

சாயங்காலம் தாணுலிங்கம் டேப்பைச் சுருட்டினார். சமையற்கட்டுக்குப் போய் ஒரு பிடி நொய் வாங்கி வந்து வளை வாசலில் வைத்தார். பிறகு கொல்லை முருங்கையில் நட்டால் துளிர்க்கிற கைத்தண்டிக் கொம்பு ஒன்றை ஒடித்தார்.

"அம்மை, பஸ் ஓடுதா?"

"நாளைக்கு ஓடும்."

"கார்த்திகை விளக்குக்குள்ளே திரும்பி வந்துருவேன்."

இசக்கியம்மை தலையை ஆட்டினாள். அவர் கையிலிருந்த கொம்பைப் பார்த்தாள்.

பாகக் கதையை முன்னமே கேட்டறிந்த மாசானம் விடுவானா. "அந்த அண்ணன்காரன் வளவுக்கா? எந்தப் பாகத்திலே வே நடப்போறீரு? குழி தோண்ட அண்ணன் வீடும் சம்மதிக்காது, தம்பி வீடும் சம்மதிக்காதே."

"தோண்ட வேண்டாம்," என்றார் தாணுலிங்கம். "கல்லைப் பிடுங்கினா குழி இருக்கும்."